ஹீட்டருக்குக் கீழே ஓர் இடம்

எங்கள் ஊர் ஐஸ் ஹாக்கி ரிங்கில் எனக்கென்று ஓர் இடம் உண்டு. கேன்டீன் சுவரை ஒட்டிய மூலை பெஞ்சு, மேலே தொங்கும் காஸ் ஹீட்டருக்கு நேர் கீழே. வெளியே மைனஸ் முப்பத்தைந்து என்றாலும் அங்கே கோட்டைக் கழற்றி மடியில் வைத்துக்கொள்ளலாம். ஆனால் நான் அங்கே உட்கார்வது சூட்டுக்காக அல்ல. என் கணவன் ஓரெஸ்ட் உட்காரும் இடத்திலிருந்து அதைவிடத் தூரம் போக வேண்டுமென்றால் வண்டி நிறுத்துமிடத்துக்குத்தான் போக வேண்டும்.

ஓரெஸ்ட் மாட்டுச் சந்தையில் ஏலம் விடுகிறவன். மைக் கெட்டுப்போன நாளிலும் கடைசி வரிசைப் பண்ணைக்காரனுக்கு அவன் சொல்கிற விலை காதில் விழும். சந்தையில் அந்தக் குரலுக்குச் சம்பளம் கொடுக்கிறார்கள். ரிங்கில் அதை அவன் இலவசமாக வழங்குகிறான். எங்கள் மகன் மார்க்கோ உள்ளூர் பேட்ஜர்ஸ் அணியில் முன்களத்தில் ஆடுகிறான், பதினேழு வயது. அவன் பனியில் இறங்கினால் போதும், எதிர்க்கோல் வலைக்குப் பின்னாலிருந்து ஓரெஸ்ட் தொடங்கிவிடுவான்.

"காலை அசைடா மார்க்கோ! ஒட்டிக்கிச்சா? அசைடா!"

அது முடிந்ததும் நடுவருக்கு.

"யோவ், வாயில வெச்சிருக்கிறது விசிலா, மிட்டாயா?"

கண்ணாடித் தடுப்பில் இரண்டு உள்ளங்கையாலும் அறைவான். ஊரே திரும்பிப் பார்க்கும். நான் கம்பளிக் கையுறையால் முகத்தை மூடிக்கொள்வேன். வெட்கம் என்றால் சாதாரண வெட்கம் இல்லை. காது மடல் எரியும், கழுத்து எரியும், அந்த பெஞ்சோடு அப்படியே தரைக்குள் போய்விடலாம் போலிருக்கும்.

போன குளிர்காலத்திலேயே வந்துபோன பெடர்சன் அந்தக் குளிர்காலத்தில் மறுபடி மறுபடி வர ஆரம்பித்திருந்தார். கிழக்கே பெரிய கிளப் ஒன்றுக்கு ஆள் பார்க்கிறவர். ஒரு காலத்தில் ஆடியவர்தான் என்பது அவருடைய கோணல் மூக்கைப் பார்த்தாலே தெரியும். இந்த ஆட்களை அடையாளம் காண்பது சுலபம். நல்ல கோட்டு போட்டிருப்பார்கள், யார் கோல் போட்டாலும் கைதட்ட மாட்டார்கள், பக் என்கிற அந்த ரப்பர் வட்டு போகிற திசையில் பார்க்கவே மாட்டார்கள். பக் இல்லாத நேரத்தில் பையன் என்ன செய்கிறான் என்பதுதான் அவர்களுக்கு வேண்டும். பெடர்சன் மார்க்கோவைத்தான் பார்க்க வருகிறார் என்று பால்காரனுக்குக்கூடத் தெரியும். ஜூனில் கிளப்புகள் பையன்களைச் சுற்றுச் சுற்றாகத் தேர்வு செய்கிற நாள். முதல் சுற்றில் போனால் ஒரு வாழ்க்கை, கடைசிச் சுற்றில் போனால் வேறு வாழ்க்கை, போகவே இல்லையென்றால் மாட்டுச் சந்தை.

செவ்வாய்க்கிழமை ஆட்டத்தில் மார்க்கோ பனியில் வரைந்த நீலக்கோட்டருகே பக்கைப் பறிகொடுத்தான். எதிரணிக்காரன் அதை எடுத்துக்கொண்டு தனியாக ஓடிக் கோல் போட்டான். ஓரெஸ்ட் எழுந்து நின்று கண்ணாடியைப் பிளந்துவிடுவதுபோல் அறைந்தான். எங்கோ ஒரு கைக்குழந்தை வீறிட்டது. என் கையுறை தானாக முகத்துக்குப் போனது.

பக்கத்தில் ஃபே உட்கார்ந்திருந்தாள். ஊருக்குப் புதிதாக வந்திருக்கும் பல் மருத்துவர், இன்னும் யாரையும் சரியாகத் தெரியாது.

"யாருங்க அந்தாளு?" என்று கேட்டாள். "அய்யோ, வீட்டுலயும் இப்படித்தான் இருப்பாரா? அவரு பொண்டாட்டி பாவம்."

"ஆமா," என்றேன். "பாவம்தான்."

 அது நான்தான் என்று திருத்திச் சொல்லவில்லை.

ஆட்டம் முடிந்து பெரோகிக் கொழுக்கட்டை வாங்க வரிசையில் நின்றபோது பெடர்சன் பக்கத்தில் வந்து நின்றார். இவர்கள் பெற்றோரிடமும் பேச்சுக் கொடுப்பார்கள். அதுவும் அவர்கள் வேலையில் சேர்த்திதான்.

"மிசஸ் ஒலினிக், உங்க பையனோட கையப் பத்தி எனக்கு சந்தேகமே இல்ல. பக் வர்றதுக்கு முன்னாடியே அது எங்க வரும்னு அவனுக்குத் தெரியுது. அத யாரும் சொல்லிக் குடுக்க முடியாது."

"ஆனா?"

அவர் சிரித்தார். "ஆனா ஒரு தப்பு பண்ணா உடனே மேல பாக்கறான். ஆளுங்க உக்காந்திருக்கிற பக்கம். அதுக்கப்புறம் பக் வந்தா, சுட்ட மாதிரி வேற யார்கிட்டயாவது தள்ளி விட்டுடறான். வெளியூர் ஆட்டத்துல இது இல்ல. அங்க தப்பு பண்ணா, தொலைச்சவன் துரத்திட்டுப் போற மாதிரி போறான். எங்க கிளப் முதல் சுத்துக்கு ரெண்டு பசங்கள நெனச்சு வெச்சிருக்கு. இவன் ஒருத்தன். சனிக்கிழமை கடைசியா ஒரு தடவ வர்றேன். அதோட என் முடிவச் சொல்லணும்."

வெளியூர் ஆட்டங்களுக்கு நாங்கள் போவதில்லை. மாடுகளுக்கு யார் தீவனம் போடுவது? அதனால் எனக்குக் கணக்கு சட்டென்று விளங்கிவிட்டது.

"அவங்கப்பாதான் காரணம்," என்றேன். "நீங்களே கேட்டீங்க இல்ல அந்தக் கத்தல? பையன் பயந்து சாகறான். நான் எவ்வளவோ சொல்லிப் பாத்துட்டேன். அந்த மனுஷனுக்கு மண்டையில ஏறாது. சனிக்கிழமை அந்தாளு உள்ள வராம பாத்துக்கறது என் பொறுப்பு."

இத்தனை வருடம் ஒரே கூரையின் கீழ் வாழ்ந்தவனைப் பற்றி, இன்னும் தட்டுகூட வாங்காத ஓர் அந்நியரிடம், மூச்சு விடாமல் சொன்னேன். பெடர்சன் தலையை மட்டும் ஆட்டினார். 

வீட்டுக்கு வந்து மார்க்கோ குளிக்கப் போனதும் சமையலறையில் ஓரெஸ்டிடம் கொட்டித் தீர்த்தேன்.

"நான் அவனுக்காகத்தானே கத்தறேன்," என்றான்.

"ஊரே சிரிக்குது ஓரெஸ்ட்!"

"ஊரு சிரிக்குதா, உனக்கு வெக்கமா இருக்கா? எது?"

"ரெண்டும்தான்."

அவன் பூட்ஸ் நாடாவை அவிழ்த்தான். ஒரு காலை முடித்துவிட்டு மற்றதைத் தொடாமல் உட்கார்ந்திருந்தான். 

"சரி," என்றான். "சனிக்கிழமை டிரக்குலயே உக்காந்துக்கறேன். ரேடியோல போடுவான்ல."

எனக்கு நிம்மதியாக இருந்தது. ஜெயித்துவிட்ட நிம்மதி.

சனிக்கிழமை ரிங்க் நிரம்பி வழிந்தது. வலைக்குப் பின்னால் ஓரெஸ்டின் இடம் காலியாக இருந்தது. யாரும் அதில் உட்காரவில்லை, அவன் எந்த நிமிஷமும் வந்துவிடுவான் என்ற பயம்தான். முதல் பகுதியில் மார்க்கோ ஒரு கோல் போட்டான். இன்னொன்றுக்கு அவன் கொடுத்த பாஸைப் பார்த்து எதிரணிக்காரர்களே பாராட்டாக மட்டையைப் பனியில் தட்டியிருப்பார்கள், கூச்சம் மட்டும் இல்லையென்றால். நான் ஹீட்டருக்குக் கீழே கோட்டைக் கழற்றிவிட்டு ராணிபோல உட்கார்ந்திருந்தேன். பாத்தீங்களா, நான் சொல்லல?

இரண்டாம் பகுதியில் மார்க்கோ பக்கோடு இரண்டு பேருக்கு நடுவே புகப் பார்த்தான். மட்டை தடுக்கியது. பக் கையை விட்டுப் போனது, அதே மூச்சில் நம் வலைக்குள் போய்விட்டது.

ரிங்கில் 'ஓ' என்று ஒரு சத்தம் எழுந்து அடங்கியது. அவ்வளவுதான். யாரும் கத்தவில்லை.

"மிசஸ் ஒலினிக்." பெடர்சனின் குரல். காபிக் கோப்பையோடு எனக்குப் பின்னால் சுவரில் சாய்ந்து நின்றிருந்தார். "உங்க வீட்டுக்காரர் இன்னிக்கு வரல, இல்ல?"

"வரல."

"அப்போ பையன் யாரப் பாக்கறான்?"

திரும்பிப் பார்க்கப் போனேன். எதுவும் தெரியவில்லை. எங்கும் கம்பளி. என் இரண்டு கைகளும் என் முகத்தின்மேல் இருந்தன.

எடுத்தேன். அணியின் பெஞ்சுப் பக்கம் வழுக்கிப் போய்க்கொண்டிருந்த மார்க்கோ ஹெல்மெட்டை என் பக்கம் திருப்பி வைத்திருந்தான். வலைக்குப் பின்னால் இருந்த காலி இடத்தை அல்ல. கேன்டீன் மூலையை, ஹீட்டரை, என்னை. பிறகு தலையைக் குனிந்துகொண்டான்.

இன்று யாரும் கண்ணாடியை அறையவில்லை. குழந்தை அழவில்லை. பிறகு நான் எதற்கு முகத்தை மூடினேன்? பெற்ற பிள்ளை ஒரு பக்கைப் பறிகொடுத்ததற்கு. அதை ஊர் பார்த்ததற்கு. இவ்வளவு நாளும் புருஷனுக்காக வெட்கப்படுகிறேன் என்று நானே நம்பிக்கொண்டிருந்தேனே, அதில் பாதிதான் உண்மை.

 பெடர்சனுக்குச் செவ்வாய்க்கிழமையே தெரிந்திருக்கிறது. நான் ஓரெஸ்டை வைது தள்ளியபோது அவர் தலையாட்டியது ஞாபகம் வந்தது. நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

இடைவேளை மணி அடித்ததும் கோட்டை மாட்டிக்கொண்டு வெளியே ஓடினேன். வண்டி நிறுத்துமிடத்தில் எல்லா டிரக்கும் அசையாமல் நிற்க, எங்களுடையது மட்டும் குலுங்கிக்கொண்டிருந்தது. ஜன்னலெல்லாம் ஏற்றிவிட்டு, உள்ளே ஒருவன் ரேடியோவோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தான்.

"தடுக்கி விட்டான்யா! தடுக்கி விட்டான்! ரேடியோவுலயே எனக்குத் தெரியுது, உனக்குத் தெரியலயா!"

கதவைத் திறந்து ஏறினேன். அவன் திருட்டுத்தனம் பிடிபட்டவன்போல் ரேடியோவைக் குறைத்தான்.

"இங்கயும் கத்தக் கூடாதா?"

"அவன் உன்னப் பாக்கல ஓரெஸ்ட். என்னைத்தான் பாக்கறான். நான் மூஞ்சிய மூடிக்கறதப் பாக்கறான்."

அவன் ஆச்சரியப்படுவான் என்று நினைத்தேன். அவன் முன்கண்ணாடியில் படிந்த பனியைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"உனக்குத் தெரியுமா?"

"போன வருஷம் எங்கிட்ட கேட்டான். 'நான் ஆடும்போது அம்மா ஏன் மூஞ்சிய மூடிக்கறாங்க'ன்னு. குளுருக்குடான்னு சொன்னேன்."

"அவன் என்ன சொன்னான்?"

ஓரெஸ்ட் மூக்கைத் துடைத்துக்கொண்டான். "'அங்கதானப்பா ஹீட்டர் இருக்கு'ன்னான்."

டிரக்கின் இன்ஜின் உறுமிக்கொண்டிருந்தது. எனக்கு அழுகை வரவில்லை. வந்திருந்தால் கொஞ்சம் மரியாதையாக இருந்திருக்கும்.

"ஏன் எங்கிட்ட சொல்லல?"

"ஏற்கெனவே என்னால வெக்கப்பட்டுட்டுத் திரியற. அதுல இதையும் எங்க கொண்டுபோய் சேக்கறது?"

உலகத்திலேயே பெரிய வாய் என்று நான் நினைத்திருந்தவன் ஒரு வருடமாக எனக்காக வாயை மூடிக்கொண்டிருந்தான்.

"இறங்கு," என்றேன். "உள்ள வா."

மூன்றாம் பகுதி தொடங்கியபோது வலைக்குப் பின்னால் அவன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். பனியின் குளிர் பூட்ஸ் வழியாக ஏறி எலும்பைப் பிடித்தது. எதிர்ப் பக்கத்தில் ஃபே என்னைப் பார்த்தாள், ஓரெஸ்டைப் பார்த்தாள், மறுபடி என்னைப் பார்த்தாள். அவள் வாய் லேசாகத் திறந்தது. பார்த்துக்கொள், அந்தப் பாவப்பட்ட பொண்டாட்டி நான்தான். கையுறைகளைக் கழற்றித் தொடைக்கடியில் வைத்து அதன்மேல் உட்கார்ந்துகொண்டேன்.

மார்க்கோ பக்கைத் தொடப் பயந்துகொண்டிருந்தான். ஆளே இல்லாத இடத்துக்குத் தள்ளித் தள்ளி விட்டான். அப்படியும் ஒன்று தவறியது. சுவரோரமாகப் பறிகொடுத்தான். ஓரெஸ்ட் பழையபடி எழுந்து அறைந்தான். எனக்குக் காது எரிந்தது, கைகள் கூசின, ஆனால் முகத்துக்கு எழவில்லை.

மார்க்கோ கேன்டீன் மூலையைப் பார்த்தான். என் இடம் காலியாக இருந்தது. அப்படியே நின்றுவிட்டான். ஆட்டம் அவனைச் சுற்றிப் போய்க்கொண்டிருக்க, அம்மா எழுந்தே போய்விட்டாள் என்று அவன் நினைப்பது அந்தத் தோளில் தெரிந்தது.

நான் வாழ்நாளில் ரிங்கில் கத்தியது கிடையாது.

"மார்க்கோ! இங்கடா! இங்க இருக்கேன்! காலை அசைடா!"

குரல் பாதியில் உடைந்து கீச்சென்று போனது. ஓரெஸ்டே திடுக்கிட்டு என்னைப் பார்த்தான். யாரோ சிரித்தார்கள். மார்க்கோ திரும்பினான். என் முகம் மூடாமல், சிவந்துபோய், அவனுக்கு நேர் எதிரே இருந்தது. அவன் ஒரு கணம்தான் பார்த்திருப்பான். பிறகு பக் போன திசையில் போனான், தொலைத்தவன் துரத்துகிற மாதிரி. அதற்குமேல் அவன் எங்கள் பக்கம் பார்க்கவே இல்லை.

ஆட்டம் முடிந்து வாசலில் பெடர்சன் கைகொடுத்தார்.

"எடுக்கச் சொல்லுவேன்," என்றார். "ஆனா முதல் சுத்துல இல்ல."

"கடைசிப் பகுதில பாத்தீங்கல்ல?"

"பாத்தேன். நல்லா இருந்துது. அது ஒரு பகுதி, மிசஸ் ஒலினிக். நான் ரெண்டு குளிர்காலமா பாத்துட்டு வர்றேன்."

 அந்த இரண்டு குளிர்காலமும் என் கையுறைக்குள் இருந்தது.

டிரக்கில் மார்க்கோ பின்சீட்டில் பையோடு ஏறினான். தலைமயிர் ஈரமாக, உறைந்து குச்சிகுச்சியாக நின்றது.

"என்ன சொன்னார்?"

ஓரெஸ்ட் என்னைப் பார்த்தான். அவன் ஏதாவது சொல்லிச் சமாளிப்பான் என்று தெரிந்தது. விடவில்லை.

"எடுப்பாங்களாம். முதல் சுத்துல இல்லையாம். அது உன்னால இல்லடா. என்னால."

சந்தையைத் தாண்டி, தானியக் கிடங்கைத் தாண்டியதும் மார்க்கோ முன்சீட்டுப் பக்கம் சாய்ந்தான்.

"அந்தப் பக்கம் குளிரலையாம்மா?" என்று கேட்டான்.

"குளிருச்சுடா," என்றேன். "ஹீட்டருக்குக் கீழதான் ஒருநாளும் குளிரினதே இல்ல."

"தெரியும்," என்றான் மார்க்கோ.