பெட்டி ஃபிரேமில் வராது

1

இந்தக் கதை எனக்கு ஒரு சிரிப்பில் கிடைத்தது. பகல் காட்சி. அரங்கில் மொத்தம் பதினொரு பேர். நாயகனின் இடது கையில் இருந்த கட்டு, அவன் கதவைத் திறந்து உள்ளே போவதற்குள் வலது கைக்கு மாறிவிட்டது. நான் வாய்விட்டுச் சிரித்தேன். பக்கத்து இருக்கைப் பெண் சிரிக்கவில்லை. மடியிலிருந்த நோட்டில் ஒரு கோடு போட்டாள்.

இடைவேளையில் பேச்சுக் கொடுத்தேன். அந்தப் படத்தில் உதவி இயக்குநராம். ஒரு ஷாட்டுக்கும் அடுத்த ஷாட்டுக்கும் உடை, காயம், சாமான் எல்லாம் ஒத்துப்போகிறதா என்று பார்ப்பது அவள் வேலை. படத்தை மூன்றாவது தடவையாகப் பார்க்கிறாள்.

"முப்பத்தாறு தப்பு எண்ணியிருக்கேன் சார். முப்பத்தஞ்சு தானா வந்தது. ஒண்ணு மட்டும் யாரோ தெரிஞ்சே வெச்சிருக்காங்க."

2

முதலில் இப்படித் தொடங்கினேன்: 'மூடிக்கிடந்த ஆலையின் உடைந்த கூரை வழியே சூரியன்...' வேண்டாம். சூரியனுக்கு இதில் வேலையில்லை. நடந்ததையே சொல்கிறேன்.

நாயகனுக்குப் பதிலாகக் குதிக்கிற டூப், இரண்டாம் மாடி ஜன்னலை உடைத்துக்கொண்டு கீழே விழ வேண்டும். கீழே காலி அட்டைப்பெட்டிகள், நாலு அடுக்கு. முதல் டேக் நன்றாகவே வந்தது. இயக்குநர் இன்னொன்று கேட்டார். அதற்குள் ஸ்டண்ட் மாஸ்டர் பாதிப் பெட்டிகளை அடுத்த காட்சிக்கு, கார் மோதிச் சிதறடிக்க, அனுப்பிவிட்டிருந்தார். இரண்டாம் டேக்கில் டூப் விழுந்த சத்தம் வேறு மாதிரி இருந்தது. இடுப்பெலும்பு இரண்டு இடத்தில் முறிந்துவிட்டது.

குறி தவறிப் பெட்டிக்கு வெளியே குதித்தான், தப்பு அவனுடையது என்று கம்பெனி சொன்னது. உதவி இயக்குநரின் போனைத் தயாரிப்பு நிர்வாகி, எதுவும் வெளியே கசியக் கூடாது என்று வாங்கிக்கொண்டு, இரண்டு நாள் கழித்துத் தந்தார். அன்று எடுத்த போட்டோக்கள் மட்டும் அதில் இல்லை. அதற்குப்பிறகு அவள் யாரையும் நம்பவில்லை. வழக்கமாகச் சர்க்கரை போதுமா என்று கேட்கிற டீக்காரர் கேட்காமல் போனால்கூட, ஏன் கேட்கவில்லை என்று யோசிப்பாள்.

3

படம் வந்தது. டூப் ஜன்னலில் பாயும்போது கீழே நாலு அடுக்கு. விழும்போது இரண்டு. வழக்கமாக வெட்டி எறிகிற அரை நொடிதான். (முப்பத்தாறாவது தப்பு இதுதான். மற்றவற்றைப் பட்டியல் போட்டால் நீங்களும் சிரித்துவிட்டுப் போய்விடுவீர்கள்.)

எடிட்டர் கவனிக்காமல் விட்டாரா? நேரே போய்க் கேட்டாள். அவர் திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே பதில் சொன்னார்.

"தப்பு தேடிச் சிரிக்கிறவன்தாம்மா படத்தை ஒழுங்காப் பாக்குறான்."

(இந்த வசனத்தை நான் நம்பவில்லை. கேட்டால் எடிட்டர்கள் 'எனக்குத் தெரியாதும்மா' என்றுதான் சொல்வார்கள். இதைத்தான் சொன்னார் என்று அவள் அடித்துச் சொல்கிறாள்.)

4

இந்த இடத்தில் எனக்கு அவள்மேலேயே சந்தேகம் வந்தது. பெட்டி குறைந்ததைக் கவனிக்க வேண்டியவளே அவள்தானே?

கேட்டேன். பார்த்ததாக ஒத்துக்கொண்டாள். குறிப்புத் தாளில் எழுதியும் வைத்தாளாம்: 'பெட்டி இரண்டு அடுக்கு குறைவு. ஃபிரேமில் வராது. பரவாயில்லை.' கடைசியில், 'மாஸ்டரிடம் சொன்னேன்.'

"நான் ஷாட்டைத்தான் சார் பாத்தேன். ஆளைப் பாக்கல."

அந்தத் தாளை டூப்பின் வீட்டில் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டதாகச் சொன்னாள். இனி எந்தக் கம்பெனியும் தன்னைக் கூப்பிடாது என்று தெரிந்தேதான் கொடுத்தாளாம்.

5

சரிபார்க்க டூப்பின் வீட்டுக்குப் போனேன். (கதை எழுதுகிறவன் சரிபார்க்கப் போகக்கூடாது. போனால் கதை கெட்டுவிடும்.) முன்னறையிலேயே கட்டில். தலைமாட்டில் ஊன்றுகோல். அவன் மனைவி எனக்கு நாற்காலி எடுத்துப்போட்டாள். வியாழக்கிழமை ஸ்டண்ட் கலைஞர் சங்கத்தில் நஷ்டஈட்டு விசாரணை. அந்த அரை நொடியை, முப்பத்தாறு தப்பில் அதுவும் ஒன்று என்று கம்பெனி தள்ளிவிடும். அதனால் தாளைத்தான் மலைபோல நம்பியிருந்தார்கள். என்னிடம் நீட்டினான்.

எல்லாம் நீல மை. 'மாஸ்டரிடம் சொன்னேன்' மட்டும் கறுப்பு.

"அந்த மேடம் நெஜமாவே அப்பவே சொன்னாங்களா, இல்ல பின்னாடி எழுதிச் சேத்தாங்களா?" என்றான்.

"பேனா தீந்து போயிருக்கும்" என்றாள் மனைவி, சட்டென்று.

அவன் அவளைப் பார்க்கவில்லை. "மை மாறியிருந்தா தாளே பொய்னுடுவாங்க. நீங்க எழுதுறவர்தானே சார். முழுசையும் ஒரே மையில எழுதிக் குடுங்களேன்."

வெளியே வந்து உதவி இயக்குநருக்குப் போன் செய்தேன். நிஜமாகவே சொன்னீர்களா என்று மட்டும் கேட்டேன்.

"சொன்ன மாதிரிதான் சார் ஞாபகம்."

6

நாளை வியாழன். 'மாஸ்டரிடம் சொன்னேன்' என்ற வரியோடு கதையை முடிக்கலாம்; மாஸ்டர் மாட்டுவார், ஒருவேளை செய்யாத தப்புக்கு. அது இல்லாமல் முடிக்கலாம்; பழி உதவி இயக்குநரோடு நின்றுவிடும், கம்பெனி கைகழுவிவிடும். டூப் படுத்த படுக்கையாகவே... இந்த வாக்கியத்தை முடிக்க மனம் வரவில்லை.

வெள்ளைத் தாளில் 'பரவாயில்லை' வரை எழுதிவிட்டேன். பேனா இன்னும் என் கையில்தான் இருக்கிறது. அடுத்த வரியை எழுதட்டுமா? நீங்களே சொல்லுங்கள்.