பாதாம் பாக்கி

முதலாளிக்கு அவன் தரவேண்டியது ஏழாயிரத்து நானூற்று அறுபது ரூபாய். அத்தனையும் பாதாம்.

பாதாம், முந்திரி அடுக்கும் கிடங்கில் மூட்டை தூக்குகிறவன். ஒரு பருப்பை வாயில் போட்டதில்லை. மனைவிக்கு இதய வால்வு பழுது, ஆபரேஷன் இல்லையென்றால் இரண்டு மாதம் தாங்குவதே பெரிசு என்று டாக்டர் கைவிரித்த வாரம், பொட்டலம் சுற்றி வந்த பேப்பரில் படித்தான்: தினம் ஒரு பிடி பாதாம் சாப்பிடுகிறவர்களுக்கு இதயநோய் குறைவாம், ஆயிரக்கணக்கான பேரை விசாரித்த ஆய்வாம். நாற்பதுக்கு மேல் எழுத்துக்கூட்டக் கற்றவனுக்கு அச்சில் ஏறியதெல்லாம் சத்தியவாக்கு. கண்ணெதிரே சாட்சி வேறு. கிலோக்கணக்கில் வாங்கிப்போகும் பெரியவர்கள் எழுபதிலும் தேக்குமரமாய் நிற்கிறார்கள். கூட மூட்டை தூக்கியவர்களில் அறுபதைப் பார்த்தவன் ஒருத்தனுமில்லை.

மகள் தலையில் அடித்துக்கொண்டாள். "அவங்களுக்குக் கார் இருக்கு, டாக்டர் இருக்காரு, மத்தியானத் தூக்கம் இருக்கு. அதையெல்லாம் விட்டுட்டு பாதாமைப் பிடிச்சுக்கிட்டீங்களேப்பா!"

"அப்ப பேப்பர்ல போட்டது பொய்யா?"

"பொய்யில்ல. தின்னவங்க நல்லா இருந்தாங்கன்னு போட்டிருக்கான். தின்னதாலதான்னு போடலையே."

படுக்கையிலிருந்து மனைவி மூச்சு வாங்கச் சிரித்தாள். "குடையை விரிச்சதாலதான் மழை வந்துச்சும்பாரு உங்கப்பா. விடுடி. கொண்டாங்க, தின்னு தொலைக்கிறேன்."

ஆபரேஷனுக்குக் கேட்ட தொகை அவன் ஏழு ஜென்மத்துக்கும் எட்டாது. எட்டியது பாதாம்தான், அதுவும் கடனுக்கு. அவளும் ஒன்று விடாமல் மென்றாள். கால் வீக்கம் வற்றவில்லை. பிறகு முகமும் வீங்கியது. ஐந்தாம் மாதம் ஒரு விடியலில் போய்ச்சேர்ந்தாள். அன்றைக்கு ஊறவைத்தது கிண்ணத்தில் தோல் உப்பிக் கிடந்தது.

காரியம் முடிந்து வேலைக்குப் போனான். கல்லாவில் முதலாளி, எதிரே கார்க்காரர் ஒருவர்.

"இதோ நிக்கிறானே நம்ம ஆளு, இவன் சம்சாரத்துக்கு டாக்டர் ரெண்டு மாசம்னு கெடு வச்சாரு. நம்ம பாதாம் தின்னு அஞ்சு மாசம் இருந்துச்சு. என்னப்பா, நான் சொல்றது சரிதானே?"

அவன் மூட்டையை ஏற்றிக்கொள்ளக் குனிந்தான். தலையாட்டினான் என்று முதலாளி எடுத்துக்கொண்டார். கார்க்காரர் இன்னும் இரண்டு கிலோ போடச் சொன்னார்.

அவர் போனதும் முதலாளி கணக்கு நோட்டில் அவன் பெயரிலிருந்த பாக்கியைக் குறுக்கே அடித்தார்.

"போ. அது தீர்ந்துச்சு."

மூட்டை முதுகில் ஏறியது.