பன்னிரண்டாவது குழி

வளைத்த கம்பியைச் சாவித் துவாரத்தில் விட்டு, காதைக் கதவோடு ஒட்டி வைத்துக்கொண்டு, பூட்டுக்காரர் தன் மனைவியின் பீரோவைத் திறந்துகொண்டிருந்தார். கூடத்தில் அவள் சவப்பெட்டிக்குள் கிடந்தாள். அவள் கையில் சுற்ற, கல்யாணத்தில் போட்ட முத்து ஜெபமாலைதான் வேண்டுமென்று அவளுடைய அக்கா ஒற்றைக்காலில் நின்றாள். சாவி எங்கே என்று யாருக்கும் தெரியவில்லை. ஊரார் பூட்டையெல்லாம் திறந்த மனுஷனுக்குச் சொந்த வீட்டுப் பீரோ சாவி தெரியாதா என்று யாரோ கேட்டார்கள். தெரியாதுதான். அது அவளுடைய பீரோ.

அரை நிமிடத்தில் பூட்டு விட்டுக்கொடுத்தது. அவர் எழுந்து, முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டு மகளைக் கூப்பிட்டார்.

"திறந்தாச்சு. நீ வந்து எடு."

"நீங்களே எடுத்தா என்னப்பா?"

"பூட்டத் திறக்கிறதுதான் என் வேலை. உள்ள பாக்கிறது இல்ல."

தொழிலுக்கு வந்த நாள் முதல் அவர் வைத்திருந்த சட்டம் அது. கதவு திறந்ததும் திரும்பி நின்றுகொள்வார். பார்த்தவர்கள் எவ்வளவு ஒழுக்கமான மனிதர் என்று மெச்சினார்கள். உண்மையில் அந்தத் தெருவிலேயே அவரைப் போல் ஆவல் பிடித்தவர் வேறு யாரும் இல்லை. அடுத்த வீட்டுக்கு ஒரு பார்சல் வந்தால்கூட அதற்குள் என்ன இருக்கும் என்று இரண்டு நாள் மண்டையைக் குடைந்துகொள்வார். அதனால்தான் சட்டமே தேவைப்பட்டது. பசிக்காதவனுக்கு விரதம் எதற்கு?

அவருடைய ஆவலுக்கு இந்த ஒரு வருடமாகத் தீனி போட்டது பின்கட்டுத் தோட்டம்தான். தபால் நிலையத்து வேலையிலிருந்து ஓய்வு பெற்ற மறுவாரமே மனைவி அங்கே முழங்கால் உயரத்துக்கு ஒரு மாதா சுரூபத்தை வைத்தாள். மாதாவின் முடியில் பன்னிரண்டு நட்சத்திரம், அதனால் சுற்றிலும் பன்னிரண்டு செடி என்று கணக்குச் சொன்னாள். மடத்து சிஸ்டர் ஒருவர் கொடுத்த புத்தகத்தைப் பார்த்து ஒவ்வொன்றாகத் தேடிக் கொண்டுவந்தாள். ரோஜா அன்புக்கு, வெள்ளை லில்லி தூய்மைக்கு. வாள் மாதிரி இலை நீட்டிய ஒன்று மாதாவின் நெஞ்சில் பாய்ந்த வியாகுலத்துக்கு. சாமந்தி, ஏழை மாதா காணிக்கையாகப் போட்ட பொன்னாம். அவர் எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டி, பின்பக்கக் கதவுத் தாழ்ப்பாளுக்கு எண்ணெய் போட்டுக் கொடுத்தார்.

அதுவரை வம்பில்லை. ஆனால் செடியை இறக்குவதற்கு முன் ஒவ்வொரு குழிக்குள்ளும் அவள் ஒரு சீட்டைப் போட்டாள். கடையில் அவர் எழுதித் தீர்ந்த வேலைச் சீட்டுகளின் பின்பக்கத்தில் ஏதோ எழுதி, நான்காக மடித்துப் போடுவாள். புத்தகத்தில் அப்படி ஒன்றும் இல்லை. இது அவளாகக் கண்டுபிடித்தது.

"என்ன எழுதற?"

"வேண்டுதல்."

"என்ன வேண்டுதல்?"

"போஸ்ட் பண்ணியாச்சு. இனிமே அது என்னோடது இல்ல. அடுத்தவங்க லெட்டரப் பிரிக்கிறது குத்தம், தெரியும்ல?"

கல்லுளிமங்கி. அதற்கு மேல் ஒரு வார்த்தை பெயராது. நான்காவது மாதம், அவள் பூசைக்குப் போயிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூட்டுக்காரர் பெரிய திருப்புளியோடு ரோஜாவின் அடியில் உட்கார்ந்தார். வீட்டுக்குள் சட்டம் செல்லாது என்று தனக்குத்தானே தீர்ப்பும் சொல்லிக்கொண்டார். கிடைத்தது கூழ்தான். அவள் மைப்பேனாவால் எழுதியதெல்லாம் கரைந்துபோய், மறுபக்கம் அவருடைய பால்பாயிண்ட் எழுத்து மட்டும் 'முன்வாசல், இரண்டு சாவி' என்று அவரைப் பார்த்துச் சிரித்தது. வேர் அசைந்த ரோஜா நாலே நாளில் தலையைத் தொங்கவிட்டது. அவள் செடியைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள், நர்சரிக்குப் போய் வேறொன்று வாங்கி வந்து புதுச் சீட்டோடு நட்டாள். ஒன்றும் கேட்கவில்லை.

அவள் எதையும் கேட்பதில்லை என்பதுதான் அவருக்கு விளங்காத புதிர். இருபத்திரண்டு வருடத்துக்கு முன்னால் கோவிலில் பூசைப் பாத்திரம் காணாமல் போனது. அலமாரிக்குப் பூட்டுப் போட்டது அவர். பூட்டில் கீறல் இல்லை. கோவிலிலிருந்து இரண்டு பெரியவர்கள் வீட்டுக்கு வந்து, சுற்றிவளைத்து, கடைசியில் கேட்டேவிட்டார்கள். மூன்று வாரம் கழித்துப் பாத்திரம் மெருகு போடும் கடையில் இருந்தது. கொடுத்தவர் சொல்ல மறந்திருந்தார். மன்னிப்புக் கேட்கத்தான் ஆளில்லை. எதற்கும் பூட்டுச் செய்யலாம், ஊர் வாய்க்குச் செய்ய முடியாது. அவர் கோவில் படி ஏறுவதை விட்டார்.

அவர்கள் கேட்டதுகூட அவருக்குப் பெரிதில்லை. அவர்கள் போன பிறகு, அடுப்படியிலிருந்து அவள் மெதுவாக, "நீங்க மாத்துச் சாவி யார்கிட்டயும் குடுக்கலையே?" என்று கேட்டாள். அந்த ஒரு கேள்வி. அவர் பதில் சொல்லாமல் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போனார். அதற்குப் பிறகு ஞாயிறுதோறும் ஸ்கூட்டரில் அவளைக் கோவில் வாசலில் இறக்கிவிட்டு, எதிரே மர நிழலில் பேப்பர் படித்தபடி காத்திருந்தார். உள்ளே வாங்க என்று இருபத்திரண்டு வருடத்தில் அவள் ஒரு தடவைகூடக் கூப்பிடவில்லை. அது பெருந்தன்மையா, இல்லை இந்த ஆள் தேறமாட்டார் என்று கைகழுவிவிட்டாளா? அவரிடம் கேட்காததை மாதாவிடமாவது கேட்டிருப்பாளா? அது தெரிந்தால் போதும் அவருக்கு.

நேற்று மத்தியானம் பன்னிரண்டாவது குழியைத் தோண்டி முடித்து, "சீட்ட எடுத்துட்டு வர்றேன்" என்று வீட்டுக்குள் வந்தவள், நாற்காலியில் உட்கார்ந்தாள். பிறகு எழுந்திருக்கவில்லை.

"அப்பா," என்றாள் மகள். ஒரு கையில் ஜெபமாலை, இன்னொரு கையில் நான்காக மடித்த சீட்டு. "புடவைக்கு அடியில இருந்தது. கடைசிச் செடிக்கு வச்சிருந்ததா இருக்கும்."

அவர் வாங்கிக்கொண்டார்.

"அது என்ன செடின்னு தெரியுமா? குட்டி மஞ்சள் பூ, கொத்தாத் தொங்கும். புத்தகத்துல அதுக்கு மாதாவின் சாவிக்கொத்துன்னு பேரு. எட்டு நர்சரி ஏறி இறங்கினோம். இது உங்க அப்பாவோட இடம்னு அம்மா சொன்னாங்க."

"என்ன எழுதினான்னு சொன்னாளா?"

"உங்ககிட்டயே சொல்லல. எங்கிட்டயா சொல்வாங்க?"

மனைவியின் அக்கா அந்த நேரம் பார்த்து உள்ளே வந்தாள். எதிலும் சுத்தமும் நேரமும் பார்க்கிறவள்.

"தம்பி, பத்து மணிக்கு வண்டி வந்துடும். பெட்டி தூக்க ஆறு பேர் வேணும், அஞ்சு பேர் இருக்காங்க. நீங்க கோவிலுக்குள்ள வருவீங்களா, இல்ல வாசலோட நின்னுக்குவீங்களா? நான் குறை சொல்லல. தெரிஞ்சா வேற ஆளப் பாத்துக்கலாம்."

அவர் சீட்டைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு பின்பக்கக் கதவைத் திறந்தார்.

"அந்தக் குழியையும் மூடிடுங்க," என்றாள் அவள் பின்னாலிருந்து. "வாயப் பொளந்துகிட்டுக் கிடக்கு. பாக்கவே என்னவோ பண்ணுது."

தோட்டத்தில் யாரும் இல்லை. செடி கறுப்புப் பையில் சாய்ந்திருந்தது. பக்கத்தில் அவளுடைய கைமண்வெட்டி, நேற்று வைத்த இடத்திலேயே. பூட்டுக்காரர் மண்டிபோட்டு உட்கார்ந்து சீட்டை எடுத்தார். வெளிப்பக்கம் அவருடைய கையெழுத்துதான்: 'பள்ளிக்கூட வாயிற்கதவு, துரு.' இது நனையாத சீட்டு. கரையாத மை.

அடுத்தவர் கடிதத்தைப் பிரிப்பது குற்றம். ஆனால் இது இன்னும் போஸ்ட் ஆகவில்லையே. போஸ்ட் ஆகாத கடிதம் எழுதினவளுடையது. எழுதினவள் இல்லாதபோது புருஷனுடையது. தபால் சட்டத்தில் அப்படி ஒன்று இருக்கிறதா என்று கேட்கக்கூட ஆள் இல்லை. அவளிடம்தான் கேட்டிருப்பார்.

பிரித்தார். தபால்காரியின் குண்டு குண்டான எழுத்து.

'மாதாவே, இவர் இதைப் பிரித்துப் பார்க்காமல் இருக்கமாட்டார். கோபித்துக்கொள்ளாதேயும். அன்றைக்கு நான் அப்படிக் கேட்டிருக்கக் கூடாது.'

மூன்று வரி. முதல் வரிக்கு அவர் சிரித்துவிட்டார். மூன்றாவது வரியை மறுபடி படித்தார். பிறகு படிக்க முடியவில்லை, எழுத்து தெரியவில்லை. இவள் ஏன் கேட்பதில்லை என்று இவர் இருபத்திரண்டு வருடம் மண்டையைக் குடைந்துகொண்டிருக்க, அவள் ஒரு தடவை கேட்டுவிட்டதற்காகவே வாயைக் கட்டிக்கொண்டிருந்திருக்கிறாள். ஒரே வீட்டில், ஒரே அடுப்படியில். இரண்டு பைத்தியங்கள்.

அவள் மடித்த மடிப்பிலேயே மடிக்கப் பார்த்தார். பூட்டுக்குள் மயிரிழை நகர்வதைக்கூட உணரும் கை, ஒரு காகிதத்தை நேராக மடிக்கத் தடுமாறியது. ஒருவழியாக மடித்துக் குழிக்குள் வைத்தார். பையைக் கிழித்து, வேர்மண் உதிராமல் செடியை இறக்கினார். மண்வெட்டியைத் தொடாமல் இரண்டு கையாலும் மண்ணைத் தள்ளி, சுற்றிலும் அமுக்கினார். வாளியில் மீந்திருந்த தண்ணீரை ஊற்றினார்.

"வண்டி வந்துடுச்சு தம்பி." அக்கா கதவருகே வந்து நின்றிருந்தாள். அவர் சட்டைப் பையைப் பார்த்தாள், குழியைப் பார்த்தாள். ஆவல் அவளையும் விடவில்லை. "என்ன எழுதியிருந்தா?"

"தெரியாதுக்கா. நான் பிரிக்கல."

அவள் நம்பினாளா என்று சொல்ல முடியாது.

"ஆறாவது ஆள் பாத்தாச்சா?" என்று கேட்டார் அவர்.

"இன்னும் இல்ல."

"பாக்க வேணாம். நான் தூக்கறேன்."

அவள் ஏதோ சொல்ல வந்து, அவருடைய கையைப் பார்த்துவிட்டு, "கழுவிட்டு வாங்க," என்றாள். ஆனால் அதற்குள் கூடத்தில் அழுகைச் சத்தம் எழுந்தது. பெட்டியை மூடுகிறார்கள். அவர் வேட்டியில் கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே ஓடினார்.

கோவில் படி ஏழு. எண்ணிக்கொண்டே ஏறினார். இடது தோளில் பெட்டியின் விளிம்பு அழுத்தியது. வாசலில் பெட்டியை இறக்கி உருளும் தாங்கியில் வைத்தார்கள். அவர் பார்த்தேயிராத இளம் சாமியார் ஒருவர் முன்னால் வந்து தீர்த்தம் தெளித்து மந்திரித்தார். தூக்கி வந்தவர்கள் ஒவ்வொருவராகக் கதவோரத் தீர்த்தத் தொட்டியில் விரலை நனைத்து, சிலுவை போட்டு உள்ளே போனார்கள். அவர் முறை வந்தது. இருபத்திரண்டு வருடமாகப் பழக்கம் விட்டுப்போனதில் இரண்டு விரலுக்குப் பதிலாகக் கை முழுவதையும் தண்ணீருக்குள் விட்டுவிட்டார்.

நகக்கண்ணிலிருந்த மண் கிளம்பி, வெள்ளைப் பளிங்குத் தொட்டியில் பழுப்பாகப் பரவியது. அவர் திடுக்கிட்டுக் கையை எடுத்து, அவசரமாக நெற்றியைத் தொட்டுக்கொண்டு, பெட்டியின் பின்னால் நடந்தார்.

அடுத்து வந்தவள் மனைவியின் அக்கா. தொட்டிக்குள் எட்டிப் பார்த்தாள். உள்ளே போய்க்கொண்டிருந்தவரின் முதுகைப் பார்த்தாள். பிறகு அந்தக் கலங்கின தண்ணீரிலேயே விரலை நனைத்து, நிதானமாகச் சிலுவை போட்டுக்கொண்டாள்.