ஆறோடு நிற்கும் குரல்

காலை ஐந்து ஐம்பது. சுரங்கத்தின் சங்கு ஊதப் பத்து நிமிடம் இருந்தது. காந்திமதி முட்டி போட்டுத் தரையைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். இரவெல்லாம் படிந்த நிலக்கரித் தூள் தண்ணீரில் கரைந்து பழுப்பாக வாசல் பக்கம் ஓடியது. மாசிப் பனி. விரல்கள் மரத்துப்போயிருந்தன.

"நல்லாத் தேயி. மெட்ராஸ்லேருந்து ஆளு வருதாம்" என்றாள் பசை வேலை பார்க்கும் சாமியம்மாள். "நம்ம தரையில மொகம் பாக்கப் போவுது."

முத்தாண்டிக்குப்பம் சாலையில் இருந்தது ராஜாம்பாள் சவுண்ட்ஸ். குழாய் ஸ்பீக்கர் செய்யும் பட்டறை. இப்போது பத்துப் பேர். அலுமினியத் தகட்டைக் கடைசலில் சுழற்றி விரித்தால் குழாய். அதன் பின்னால் காந்தமும் செப்புக் கம்பிச் சுருளும். முடியைவிட மெல்லிய அந்தக் கம்பியைச் சுற்றுவது காந்திமதியின் வேலை. ஒன்பது வருடம் சுற்றியதில் வலது ஆள்காட்டி விரலில் ரேகை போய்விட்டது. ரேஷன் கடை இயந்திரம் அந்த விரலை ஏற்பதில்லை.

கடைசியில் இருந்த அறைதான் மியூசியம். சுவர் முழுக்கப் பழைய குழாய்கள். முதலாளி சிவப்பிரகாசத்தின் அப்பா முதலில் செய்த குழாய்க்குத் தினமும் பூவும் சூடமும் உண்டு. டெஸ்டிங் மேசையும் அதே அறையில்தான். புது ஸ்பீக்கர் ஒவ்வொன்றும் அப்பாவுக்கு முன்னால்தான் முதல் சத்தம் போட வேண்டும் என்பார் முதலாளி. அதனால் அந்த அறைக்குள் செருப்புக் கூடாது. தரையைத் தினமும் கழுவ வேண்டும்.

அந்த மேசையில் மலர்கொடி இருந்தாள். மைக்கைப் பிடித்து ஒன்றிலிருந்து பத்து வரை எண்ணுவாள். ஸ்பீக்கருக்கு ஒரு முறை. கரகரத்தால் எந்த எண்ணில் என்று சொல்லிவிடுவாள்.

"எட்டுல ஒரசுது. சுருளு சாஞ்சிருக்கு. பிரிச்சி சுத்து" என்று திருப்பி அனுப்புவாள்.

"உங்காதுல கம்பிய வுட்டுச் சுத்துறேன் இரு" என்பாள் காந்திமதி. மதியம் இருவருக்கும் ஒரே குழம்பு.

போன ஐப்பசி மழையில் ஒரு காலை. மலர்கொடி ஆறு என்றாள். ஏழு வரவில்லை.

நெஞ்சு வலி என்றார் முதலாளி. காகிதத்திலும் அப்படியே ஏறியது. பட்டறை வேனில்தான் உடல் போனது. அதற்குப் பிறகு மைக்கை யாரும் தொடவில்லை. மூன்றாம் நாள் முதலாளி ஒரு வழி கண்டார். ஒவ்வொரு நாளும் முதல் எண்ணிக்கையைப் பதிவு செய்து வைப்பது பட்டறை வழக்கம். அன்றைய பதிவு இருந்தது. ஆறு வரை சுத்தமாக இருந்தது. மிச்சத்தை வெட்டிவிட்டார்.

"நல்ல குரல். வீணாப் போவக் கூடாது. இனிமே இதையே போட்டு டெஸ்ட் பண்ணுங்க."

நான்கு மாதமாக மலர்கொடி எண்ணிக்கொண்டிருந்தாள். ஒரு நாளைக்கு நாற்பது, ஐம்பது முறை. ஒவ்வொரு முறையும் ஆறுக்குப் பின் ஓர் இடைவெளி. கடைசல் ஓடும்போதும் அந்த இடைவெளி கேட்டது. வீட்டில் இட்லி எடுத்து வைக்கையில் காந்திமதியின் கை ஆறாவது இட்லியில் நிற்கும். பிள்ளைகள் தட்டோடு காத்திருப்பார்கள்.

இன்னொன்றும் எல்லோரும் கவனித்திருந்தார்கள். அன்றிலிருந்து முதலாளி அந்த அறைக்குள் போவதில்லை. சூடம் காட்டுவதும் சாமியம்மாள்தான். அவர் ஷூவோடு வாசற்படியில் நின்று கும்பிடுவார்.

பத்து மணிக்குக் கார் வந்தது. கிருஷ்ணப்ரியா என்று பேர். முப்பது வயதிருக்கும். கழுத்தில் பெரிய ஹெட்போன், கையில் ரெக்கார்டர். பழைய ஸ்பீக்கர்களின் ஓசையைத் தேடி ஊர் ஊராகப் போகிறவள். வரும் வழியில் வண்டியை நிறுத்தி சுரங்கத்தில் கரி சுமந்து ஓடும் கன்வேயரின் இரைச்சலைக்கூடப் பதிவு செய்ததாகச் சொன்னாள்.

"அத்தக் கேக்காம தூங்கறதுக்கு நாங்க இருபது வருசமாப் பாக்குறோம்" என்றாள் சாமியம்மாள்.

கிருஷ்ணப்ரியா சிரித்தாள். கடைசல் பக்கம் வெகுநேரம் நின்றாள். தகடு சுழன்று விரிவதைக் குழந்தைபோலப் பார்த்தாள். காந்திமதி கம்பி சுற்றுவதைக் கேட்டாள். பார்க்கவில்லை, கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள்.

மியூசிய வாசலில் ஷூவைக் கழற்றினாள். பனியில் தரை இன்னும் காயவில்லை.

"நீங்க வரலையா சார்?"

"இங்கேருந்தே சொல்றேன் மேடம்" என்றார் சிவப்பிரகாசம். படியில் நின்றபடி ஒவ்வொரு குழாயாகக் கையைக் காட்டினார். கோயில் திருவிழா, மாநாடு, சைக்கிள் வண்டியில் கட்டிய சினிமா விளம்பரம். நன்றாகத்தான் பேசினார்.

காந்திமதி மூலையில் இருந்த மரப்பலகையைக் காலால் தள்ளினாள். "இதுமேல நில்லுங்க மேடம்."

"எதுக்கு?"

"ஈரம்."

ஃபிட்டர் செல்வகுமார் இன்னொரு பலகையில் ஏறி நின்றான். மூங்கில் குச்சியை நீட்டி மேசைமேல் இருந்த பொத்தானை அழுத்தினான்.

"ஏன் குச்சி?"

"பழக்கம் மேடம்" என்றார் முதலாளி படியிலிருந்து.

சுவரில் இருந்த பழைய குழாய் பேசியது. ஒண்ணு. ரெண்டு. மூணு. நாலு. அஞ்சி. ஆறு.



"ஏன் ஆறோட நிக்குது?" என்றாள் கிருஷ்ணப்ரியா. "பத்து வரைக்கும் எண்ணுவாங்கல்ல?"

"அது போதும் மேடம்."

அவள் ஹெட்போனை மாட்டிக்கொண்டு மேசையில் ஒயரைச் சொருகப் போனாள். செல்வகுமார் அவள் கையிலிருந்து ஒயரை வாங்கி, லைனை அணைத்துச் சொருகி, மறுபடி போட்டான். அவள் கேட்டாள். திரும்ப ஒரு முறை. மூன்றாம் முறை.

"அடியில ஒரு ஹம், ரீங்காரம் மாதிரி இருக்கு" என்றாள். "ஒண்ணுக்கு முன்னாடி வேற மாதிரி. மைக்கக் கையில எடுக்குற சத்தம் கேக்குது. அப்ப ஹம் மாறுது. எர்த் இல்லாத சிஸ்டத்துலதான் இப்படி வரும். யாரு இவங்க? அவங்களுக்கு ஷாக் அடிக்கலையா?"

செல்வகுமார் குச்சியைக் கீழே வைத்தான்.

"பழைய ரெக்கார்டிங்" என்றார் முதலாளி. "அத வுடுங்க. நேராவே கேக்கலாம். ஏம்மா காந்திமதி, மைக்க எடு. மேடத்துக்குப் பத்து வரைக்கும் எண்ணிக் காட்டு."

காந்திமதி தன் பாதங்களைப் பார்த்தாள். அவற்றைச் சுற்றித் தரை ஈரமாக மின்னியது. காலையில் அவளே கழுவிய தரை.

"மாட்டேன் மொதலாளி."

"என்னா?"

"எர்த் குடுத்தப்பறம் எண்ணுறேன்."

"கம்பி சுத்துறவளுக்கு எர்த்தப் பத்தி என்னா தெரியும்? எண்ணு. இல்லன்னா நாளையிலேருந்து வராத. கம்மாபுரத்துல சொரங்கத்துக்கு நெலம் போன ஆளுங்க கேட்டுல வந்து நின்னுகினு இருக்காங்க."

"நானும் கம்மாபுரத்துல நெலம் போனவதான். அதான் இங்க நிக்கிறேன்."

 வேலை போனால் புருஷனின் கான்ட்ராக்ட் வேலை மட்டும். அதுவும் மாதத்தில் பாதி நாள். அவள் மைக்கைப் பார்த்தாள். இரும்புத் தண்டு. பிடிக்கும் இடத்தில் பெயிண்ட் தேய்ந்து ஒரு கை அளவுக்கு வெளுத்திருந்தது. அது மலர்கொடியின் கை.

செல்வகுமார் பலகையிலிருந்து இறங்கினான்.

"எர்த் ஒயர நாந்தான் கழட்டனேன் மேடம்." அவன் ரெக்கார்டரைப் பார்த்துப் பேசினான். "சுவிட்ச் தானா வுழுந்து கரண்டு போயிகினே இருக்குது, வேல கெடுதுன்னு இவுரு கழட்டச் சொன்னாரு. கழட்டனேன். மறுநாளு காலையில அவ போயிட்டா. அவ பேரு மலர்கொடி."

"வாய மூடுடா. நெஞ்சு வலின்னு பேப்பர் இருக்குது. அவ புருஷன் கையெழுத்துப் போட்டிருக்கான்."

"ஆமா. அந்தாளுக்குப் படிக்கத் தெரியாது. படிச்சிச் சொன்னது நீங்க."

 கிருஷ்ணப்ரியா தன் காலடியில் இருந்த பலகையைப் பார்த்தாள். ரெக்கார்டர் பக்கம் கை போனது. "நிறுத்திடட்டுமா?" என்று காந்திமதியிடம் கேட்டாள்.

"ஓடட்டும்."

வெளியே கடைசல் நின்றது. பிறகு அமுக்கு இயந்திரம். பசை அறையின் ஃபேன். ஒவ்வொன்றாக ஓசை அடங்கியது. பட்டறை இவ்வளவு அமைதியாக இருந்ததே இல்லை. தொலைவில் கன்வேயர் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

மற்ற எட்டுப் பேரும் வந்தார்கள். மியூசிய வாசலில் வழக்கம்போல் ஒரு கணம் நின்றார்கள். சாமியம்மாள் முன்னால் இருந்தாள். செருப்பைக் கழற்றவில்லை. ரப்பர்ச் செருப்போடு உள்ளே நடந்தாள். ஈரத்தில் தேய்ந்த செருப்பின் அச்சு விழுந்தது. அவள் பின்னால் மற்றவர்கள்.

"எங்கப்பா இருக்குற எடம் அது" என்றார் முதலாளி. அவர் குரல் முதல் முறையாக உயர்ந்தது. "செருப்போட போறீங்களே."

"சாமிக்கு ஷாக் அடிக்காது. எங்களுக்கு அடிக்கும்" என்றாள் சாமியம்மாள். போகிற வழியில் வாசலிலிருந்து எடுத்து வந்த ஒரு ஜோடிச் செருப்பைக் காந்திமதியின் காலடியில் போட்டாள். காந்திமதியின் செருப்பேதான்.

காந்திமதி போட்டுக்கொண்டாள்.  முதலாளியை நேராகப் பார்த்தாள்.

"எர்த் குடுக்குற வரைக்கும் ஒரு ஸ்பீக்கரும் வெளிய போவாது. அந்தப் பதிவப் போட வேணாம். அவ எப்பிடிச் செத்தாளோ அப்பிடியே எழுதணும். ஆபீசருங்க வந்து பாக்கட்டும். பத்துப் பேரும் சொல்றோம்."

"பத்துப் பேரையும் அனுப்பிட்டா?"

"பங்குனித் திருவிழாவுக்கு நீங்களே கொழாய் சுத்துங்க" என்றான் செல்வகுமார்.

யாரோ சிரித்தார்கள். உடனே நின்றது. முதலாளி ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். தனியாகக் கழன்று வரக்கூடிய ஒரு முகத்தைத் தேடினார். பார்வை சுற்றி முடிந்து காந்திமதியிடமே வந்தது.

"நெஞ்சு வலிதான்" என்றார். "அந்த மைக்குல ஒண்ணுமில்ல."

காந்திமதி மேசையை விட்டு விலகி வழிவிட்டாள். மற்றவர்களும் விலகினார்கள். வாசற்படியிலிருந்து மைக் வரை ஈரத் தரை வெறுமையாகக் கிடந்தது.

"அப்பிடின்னா ஷூவக் கழட்டிட்டு உள்ள வாங்க மொதலாளி. வந்து நீங்க ஏழு சொல்லுங்க."