ஃபர்னஸில் ஊறிய தண்ணீர்

எரிமலைச் சாம்பலைப் பிரித்தெடுக்கத் தெரிந்த விரல்கள் தென்கடல் ஓரத்தில் மொத்தம் பத்துதான், பத்தும் தன் கையில்தான் இருக்கின்றன என்று ராமநாதபுரத்துக் கல்லூரி ஒன்றில் ஆராய்ச்சி மாணவர் காளிதாஸ் மைக் பிடித்து அறிவித்தார். மறுநாள் ஃபர்னஸ் எனப்படும் ஆய்வக மின் உலையில் ஐந்நூற்றைம்பது டிகிரியில் நான்கு மணி நேரம் அவர் எரித்த சேறு, பதினாறு லிட்டர் நல்ல தண்ணீராக வெளியே வந்தது.

சேறு சாயல்குடிப் பக்கத்து ஊருணியின் அடியில் மக்கிக் கிடந்தது. கடல் தாண்டி எப்போதோ வெடித்த எரிமலையின் சாம்பல் காற்றில் வந்து அதில் படிந்திருக்கும் என்பது காளிதாஸின் கணக்கு. காயவைத்து எரித்தால் அதிலுள்ள இலைதழை போய்விடும். மிச்சத்தை அமிலத்தில் கழுவி, சலித்து, கனத்த திரவத்தில் விட்டுச் சுற்றினால் மணல் அடியில் தங்க, எரிமலைக் கண்ணாடித் துகள் மேலே மிதக்கும். பெண் பார்க்கப் போன வீட்டிலும் காளிதாஸ் இதைத்தான் விளக்கினார். அவர்கள் காபி ஆறும்வரை கேட்டுவிட்டு, யோசித்துச் சொல்வதாகச் சொன்னார்கள்.

இரண்டாம் முறை இருபது லிட்டர் வந்தது. மூன்றாம் முறை ஓர் அயிரை மீனும் இருந்தது. ஃபர்னஸின் முள் ஐந்நூற்றைம்பதில் ஆடாமல் நின்றது. மீனும் சௌக்கியமாகவே நீந்தியது.

ஆய்வக உதவியாளர் பூமிநாதன் அந்த ஊருணி இருக்கும் ஊர்க்காரர். ஃபர்னஸ் அறைக்குள் நுழையும்போது செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் வருவார்.

"குடிக்கிற ஊருணிக்குள்ள யாரும் செருப்போட எறங்க மாட்டாக சார். நீங்க பூட்ஸோட எறங்கி அள்ளுனீக. மண்ணு இங்கன வந்தாலும் ஊருணிதான? நீங்க பூட்ஸோட நிக்கிற வரைக்கும் அது தண்ணியத்தான் தரும், சாம்பலக் காட்டாது."

"ஏண்ணே, ஃபர்னஸுக்குக் கண்ணு இருக்கா, என் காலப் பாக்க?" என்று காளிதாஸ் சிரித்தார். இதைக் கேன்டீனில் நாலு பேரிடம் சொல்லி, அங்கேயும் சிரித்தார். ஸ்விட்சைத் தொட அவரைத் தவிர யாருக்கும் அனுமதியில்லை.

அதற்குள் விடுதிச் சமையல்காரி மாரிச்செல்வி தலைமையில் அறை வாசலில் குடங்கள் வரிசைகட்டின. கல்லூரி நிர்வாகம் டோக்கன் அச்சடித்தது. விஞ்ஞானம் மக்களைச் சென்றடைந்துவிட்டதாக நோட்டீஸ் போர்டில் எழுதினார்கள். சாம்பலைப் பற்றி யாரும் கேட்கவில்லை, வழிகாட்டிப் பேராசிரியரைத் தவிர. மாதக் கடைசிக்குள் ஒரு துகளாவது காட்டாவிட்டால் ஆறு வருட ஆராய்ச்சிப் பதிவு ரத்து என்று அவர் சொல்லிவிட்டார். சேறு ஒரே ஒரு பொட்டலம் மிச்சமிருந்தது.

பொட்டலத்தோடு காளிதாஸ் குனிந்து தன் பூட்ஸையே பார்த்துக்கொண்டு நிற்பதை மாரிச்செல்வி கவனித்துவிட்டாள்.

"தம்பி, அதைக் கழட்டிராதீக. பட்டம் அடுத்த வருசம் வாங்கிக்கலாம். தண்ணி வருமா?"

"நான் ஏன்க்கா கழட்டப் போறேன்? அதெல்லாம் மூடநம்பிக்கை."

வியாழக்கிழமை மதியம் வரிசை சாப்பிடப் போயிருந்தது. காளிதாஸ் இரண்டு பக்கமும் பார்த்தார். பூட்ஸைக் கழற்றினார். கொஞ்சம் யோசித்து, காலுறையையும் கழற்றினார். பொட்டலத்தை உள்ளே வைத்து, ஸ்விட்சைப் போட்டார்.

நான்கு மணி நேரம் எரிந்ததில் ஒரு பிடி சாம்பல் கிடைத்தது. அதைக் கழுவி, சலித்து, மிதக்கவிட்டு மைக்ராஸ்கோப்பில் வைக்க மறுநாள் மதியமாயிற்று. நாற்பத்தொரு கண்ணாடித் துகள்கள். நிமிர்ந்தபோது வாசலில் காலிக் குடத்தோடு மாரிச்செல்வி நின்றாள். அவள் ஃபர்னஸைப் பார்க்கவில்லை. அவருடைய வெறுங்காலைப் பார்த்தாள்.

"கழட்டிட்டீகளாக்கும்" என்றாள். பிறகு தண்ணி லாரிக்காரருக்குப் போன் போட்டாள்.