மோதினாரின் இருமல் மருந்து

திருகோணமலைத் துறைமுகத்தை அண்டிய பள்ளிவாசல் ஒன்றில் ஹிஸ்புல்லா பல வருடங்களாக மோதினாராக இருந்தார். காற்று வாகாக அடித்தால், தொழுகைக்கு அழைத்து அவர் சொல்லும் பாங்கு கிண்ணியாத் துறை வரைக்கும் கேட்கும் என்று தோணிக்காரர்கள் சொல்வார்கள். அப்போதெல்லாம் அவர் தலையைக் குனிந்துகொள்வார். உள்ளுக்குள் அந்தச் சொல் இனிக்கும்.

எழுபத்து நான்காம் வருட மார்கழி மழையில் அவருக்குத் தடிமன் பிடித்தது. தடிமன் போயும் இருமல் போகவில்லை. நெஞ்சுக்குள் சளி கட்டி, மூச்சை இழுத்தால் கரகரத்தது. ஒருநாள் பின்னேரத்து அஸர் பாங்கின் நடுவில் இருமல் முட்டிக்கொண்டு வந்தது. ஒலிபெருக்கி அதைக் கடைத்தெரு முழுவதும் கொண்டுபோனது. தொழுகைக்கு வந்தவர்கள் அதைப்பற்றி ஒன்றும் விசாரிக்கவில்லை. அவர்கள் விசாரிக்காமல் இருந்ததுதான் அவரை வருத்தியது.

மனைவி உம்மு குல்சும் கொத்தமல்லியும் வேர்க்கொம்பும் அவித்துத் தேன் விட்டுக் கொடுத்தாள். போர்வையால் மூடி ஆவி பிடிக்க வைத்தாள். இரவில் தலைக்கு இன்னொரு தலையணை வைத்தாள். ஆஸ்பத்திரிக்குப் போகும்படியும், சுகம் வரும்வரை தையல்கார மஜீதைப் பாங்கு சொல்ல விடும்படியும் சொன்னாள். மஜீதுக்குக் குரல் கட்டை என்று ஹிஸ்புல்லா மறுத்துவிட்டார். ஆவி பிடித்தால் சளி இளகியது. ஆனால் இருமல் கூடியது. பாங்கு நேரத்தில் இருமலை நிற்பாட்டும் மருந்துதான் அவருக்கு வேண்டியிருந்தது.

ஆனந்தராசாவின் மருந்துக்கடையில் அப்படியொரு பாணி மருந்து கிடைத்தது. சிவப்பு நிறம், நல்ல இனிப்பு. குடித்ததும் நெஞ்சு சூடாகி, இருமல் அடங்கிவிடும். சொன்ன அளவைவிடக் கூடக் குடித்ததில் போத்தல் விரைவில் முடிந்தது. வியாழக்கிழமை மறுபடியும் கடைக்குப் போனார்.

ஆனந்தராசா போத்தலைக் கடதாசியில் சுற்றிக்கொண்டே சொன்னார்: "நானா, இது கொஞ்சம் சாராயம் கலந்த மருந்து. நித்திரை தூக்கும். குடிச்சிட்டுச் சைக்கிள் ஓடாதேங்கோ."

எல்லோருக்கும் சொல்வதைத்தான் ஆனந்தராசா அவருக்கும் சொன்னார். பொதியை வாங்க நீட்டிய கையை ஹிஸ்புல்லா பின்னுக்கு இழுத்தார். வேறு மருந்து இருக்கிறதா என்று கேட்க வாயெடுத்தார். பின்னால் அவருடைய பள்ளிவாசலைச் சேர்ந்த மஹல்லாக்காரி ஒருத்தி நின்றிருந்தாள். கேட்டால் இவ்வளவு நாளும் குடித்தது வெளியே வந்துவிடும். மறுநாள் வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை. பொதியைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு வெளியே வந்தார்.

வீட்டில் அதை அரிசிப் பானைக்குப் பின்னால் ஒளித்தார். வெள்ளிக்கிழமை, குல்சும் கிணற்றடியில் நின்ற நேரம் பார்த்து, கரண்டியும் எடுக்காமல் போத்தலை வாயில் வைத்தே குடித்தார். திரும்பத் திரும்ப வாய் கொப்பளித்துவிட்டுப் பள்ளிக்குப் போனார்.

பாங்கு பிசிறில்லாமல் வந்தது. தொழுகை முடிந்ததும் புல்மோட்டையிலிருந்து வந்திருந்த வயதாளி ஒருவர் அவரைக் கட்டியணைத்து, அந்தப் பாங்கைக் கேட்டுக் கண் கலங்கிவிட்டதாகச் சொன்னார். மருந்து வாடை தெரியாதபடி ஹிஸ்புல்லா மூச்சை அடக்கிக்கொண்டு சால்வையால் வாயைப் பொத்தினார். அந்த மனிதர் அதை அடக்கம் என்று நினைத்தார். நிலம் பிளந்து தன்னை விழுங்காதா என்றிருந்தது ஹிஸ்புல்லாவுக்கு.

எல்லோரும் கலைந்த பிறகு அவர் பள்ளிவாசல் இமாம் ஸெய்னுதீன் மௌலவியின் அறைக்குப் போய், நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார்.

மௌலவி கோபிக்கவில்லை. "தெரியாமக் குடிச்சதுக்குக் குற்றமில்ல. வேற மருந்தே இல்லையெண்டா அது வேற கதை. நீங்க வேற மருந்து கேட்டீங்களா?"

"கேக்கல்ல, ஹஸ்ரத்."

"ஏன்?"

"வெக்கம். மத்தது, என்ட பாங்க வேறொராள் சொல்லப்போறாரேண்டு நினைச்சன்."

மௌலவி அவரைக் கதிரையில் இருக்கச் சொன்னார். "பாங்கு தொழுகைக்குக் கூப்பிடுறது. ஆர் கூப்பிட்டாலும் ஆக்கள் வருவாங்க. அல்லாஹ்க்கிட்ட மன்னிப்புக் கேட்டுத் தௌபாச் செய்யுங்க. சுகம் வாறவரைக்கும் மஜீத் சொல்லட்டும்."

அது அன்பாகச் சொன்ன சொல். ஏசியிருந்தால் ஹிஸ்புல்லாவுக்குச் சுகமாக இருந்திருக்கும்.

வீட்டுக்கு வந்து போத்தலை எடுத்துக் குல்சுமிடம் கொடுத்தார். விஷயத்தைக் கேட்டுவிட்டு அவள் அதை வீட்டுக்குப் பின்னால் கோடிப்புறத்தில் ஊற்றினாள். திரும்பி வந்து, "எனக்கிட்டயும் மறைச்சீங்களே," என்றாள்.  

அடுத்த நாள் அவளே அவரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனாள். டொக்டர் நெஞ்சில் குழாயை வைத்துப் பார்த்துவிட்டு, காசநோய் மாதிரித் தெரியவில்லை, மூச்சுக்குழாய் வீங்கியிருக்கிறது, ஆறுவதற்குச் சில கிழமைகள் எடுக்கும் என்றார். சளியை வெளியே கொண்டுவரும் இருமலை அமுக்க வேண்டாமாம். ஆவியும் சுடுதண்ணீரும் நல்லதாம். சாம்பிராணிப் புகையில் நிற்கக் கூடாதாம். காய்ச்சலோ இரத்தமோ கண்டால் உடனே வரவேண்டுமாம். கொடுத்த மருந்தில் சாராயம் இருக்கிறதா என்று ஹிஸ்புல்லா தரையைப் பார்த்தபடி கேட்டார். இல்லை என்று டொக்டர் சாதாரணமாகப் பதில் சொன்னார். இதைக் கேட்பது இவ்வளவு சுலபமா என்று நினைத்தபோது அவருக்கு முகம் எரிந்தது.

மஜீத் பாங்கு சொன்ன நாட்களில் தொழுகை வரிசைகளான ஸஃப்புகள் வழக்கம்போல நிறைந்தன. மாசி பிறக்கும்போது இருமல் விட்டது. ஹிஸ்புல்லா மறுபடியும் பாங்கு சொல்லத் தொடங்கினார். அந்த வெள்ளிக்கிழமையை நினைத்து, ஜும்ஆப் பாங்கை மட்டும் மஜீதிடமே விட்டுவிட்டார். ஹிஸ்புல்லாவுக்கு இன்னும் தொண்டை சரிவரவில்லை என்று ஊர் நினைத்தது. சிலர் இரக்கப்பட்டுத் தேன் கொண்டுவந்து கொடுத்தார்கள். அவர் மறுக்கத் தெரியாமல் அதை வாங்கிக்கொண்டு, அவர்களுடைய முகத்தைப் பார்க்காமல் நன்றி சொன்னார்.