நீர்யானை ஆட வேண்டுமா?

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இந்தக் கதை திருட்டுச் சரக்கு. பல் டாக்டரிடம் என் முறைக்குக் காத்திருந்தபோது அங்கிருந்த டிவியில் ஒரு கார்ட்டூன் ஓடியது. மனசு சரியில்லாத ஒரு நீர்யானை பத்து நிமிடம் குளத்தைவிட்டு எழவில்லை. பதினோராவது நிமிடம் மற்ற மிருகங்களோடு கைகோத்துக் குதித்து ஆடியது. பக்கத்தில் வீங்கிய கன்னத்தோடு உட்கார்ந்திருந்த ஒரு சிறுமி, "சும்மா ஆடுது," என்றாள். அந்த இரண்டு வார்த்தையையும் மடியில் முடிந்துகொண்டு கிளம்பிவிட்டேன். சொத்தைப் பல் இன்னும் வாயில்தான் இருக்கிறது.

2

அந்த நீர்யானைக்கு வசனம் எழுதுகிறவள் ஒருத்தி இருப்பாள் அல்லவா? அவளைப் பிடித்துக்கொண்டேன். முதல் வரி இப்படி வந்தது:

வசனகர்த்தா ஜன்னலோரம் நின்று, கலையும் மேகங்களைப் பார்த்தபடி, வாழ்க்கை என்பது

வேண்டாம். எழுதிப் பிழைக்கிறவளுக்கு மேகம் பார்க்க ஏது நேரம்?

2 (மறுபடியும்)

வசனகர்த்தா சேனலின் கூட்ட அறையில் உட்கார்ந்திருந்தாள். எதிரே நிகழ்ச்சித் தலைவர்.

"சோகம் இருக்கட்டும் மேடம், நான் வேணாம்னே சொல்லல," என்றார். "ஆனா ஒம்பதாவது நிமிஷத்துல முடிஞ்சிடணும்."

"இது சோகம் இல்ல சார், நோய். மனச்சோர்வு."

"நோயா? அப்ப பத்தாவது நிமிஷம் வரைக்கும் வெச்சுக்கோங்க."

தாராள மனசுக்காரர்தான். சிக்கல் வேறு இடத்தில் இருந்தது. அந்தத் தொடரின் கடைசி ஆட்டத்தை ஒரே ஒரு தடவைதான் வரைந்திருந்தார்கள். நூற்றுப் பன்னிரண்டு கதைகளின் வாலிலும் அதையேதான் ஒட்டினார்கள். முயல், நீர்யானை, வாத்து, ஆமை என்று வரிசையாகக் கைகோத்துக் குதிக்கும். காட்டில் வெள்ளம் வந்தாலும் சரி, தீப்பிடித்தாலும் சரி, கடைசியில் குதித்தாக வேண்டும்.*

* ஆமைக்கு ஓடு விரிசல்விட்ட கதையிலும் ஆமை ஆடியது. ஒரு பெற்றோர்கூடப் புகார் சொல்லவில்லை.

"நீர்யானை மட்டும் ஆடக்கூடாது சார்."

"நல்லா இருக்கே! ஆடலைன்னா குழந்தைங்க எப்படித் தூங்கும்?"

3

இங்கேதான் எனக்கு அவள்மேல் சந்தேகம் வந்தது. ஒரு நீர்யானைக்காக எதற்கு இப்படி மல்லுக்கட்டுகிறாள்? கொள்கையா? கொள்கைக்காக மேலதிகாரியோடு மோதுகிற ஆளை நான் கதைகளில்தான் பார்த்திருக்கிறேன். (இதுவும் கதைதான். இருந்தாலும்.) இந்த மாதிரிக் கதையில் வீட்டுக்குள் ஒரு நோயாளியைக் கொண்டுவந்து படுக்கவைப்பது மலிவான வேலை. தெரிந்தேதான் செய்தேன். அவளுக்கு ஒரு தம்பியைக் கொடுத்தேன்.

தம்பி நான்கு மாதமாக அறையைவிட்டு அதிகம் வெளியே வருவதில்லை. முதலில் வேலைக்குப் போவது நின்றது, பிறகு பேச்சு குறைந்தது. டாக்டர் கொடுத்த மாத்திரையை ஒழுங்காகப் போட்டுக்கொள்கிறான். சமையலறையில் நின்றபடியே இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டுத் திரும்பிவிடுவான். ஆனால் நீர்யானைக் கதையை மட்டும் கேட்டு வாங்கிப் படித்தான்.

"நல்லாருக்குக்கா. என்னையேதான் எழுதியிருக்க," என்றான். "கடைசியில இது ஆடுமா?"

"ஆடாதுடா."

"பதினோரு நிமிஷத்துல அது எந்திரிச்சிட்டா, நான்தான் நடிக்கிறேன்னு ஆயிடும்."

ஆடாது என்று அவள் சத்தியம் செய்துகொடுத்தாள்.

4

"புதுசா வரையவெல்லாம் நேரமில்ல மேடம். நாளன்னைக்கு ஒளிபரப்பு," என்றார் தலைவர்.

"அப்ப அந்த ஆட்டத்துலேர்ந்து நீர்யானைய மட்டும் எடுத்துடுங்க."

கூட இருந்த ஓவியர் தலையைச் சொறிந்தார். "அழிக்கிறது அஞ்சு நிமிஷ வேலை," என்றார். அழித்துவிட்டுத் திரையில் போட்டார்.

மூன்று பேர் மூளையிலும் உதிக்காத ஒன்று அங்கே நடந்தது. மிருகங்கள் கைகோத்து வரையப்பட்டவை. நீர்யானைதான் போயிற்றே தவிர, அதைப் பிடித்திருந்த முயலின் கையும் வாத்தின் சிறகும் நீட்டியது நீட்டியபடியே இருந்தன. போனது எலியா என்ன, நீர்யானை! இடைவெளியும் அந்த அளவுக்கு இருந்தது. இரண்டும் வெறும் காற்றைப் பிடித்துக்கொண்டு குதிகுதியென்று குதித்தன.

"என்னய்யா கூத்து இது?" என்றார் தலைவர். தண்ணீர் குடித்தார். "காலைல யார்கிட்டயாவது போட்டுக் காட்டிட்டு முடிவு பண்ணலாம்."

வசனகர்த்தா அந்தத் துண்டைக் கைபேசியில் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனாள். "சொதப்பிட்டோம்டா," என்று தம்பியிடம் நீட்டினாள். அவன் பார்த்தான். இன்னொரு தடவை போடச் சொன்னான்.

"கைய இறக்கவே இல்ல, பாத்தியாக்கா," என்றான்.

அவள் அழுதுவிட்டாள். நானும்தான். எழுதுகிறவர்கள் அழக்கூடாதென்று சட்டமா இருக்கிறது?

5

முடிவு ஒன்று: மறுநாள் காலை தம்பி குளித்து, சவரம் செய்து, துவைத்த சட்டையைப் போட்டுக்கொண்டு அக்காவோடு தெருமுனைவரை நடந்தான். தூரத்தில் ஒரு குருவி

சீச்சீ. எழுதியதை அடித்துவிட்டேன். நானும் அவனை ஆடவைக்கத்தான் பார்த்திருக்கிறேன்.

முடிவு இரண்டு: தலைவர் மனம் உருகி... அவரைப் படைத்தவனுக்குத் தெரியாதா, அவர் உருகமாட்டார். சொன்னபடியே காலையில் யாரிடமாவது போட்டுக் காட்டுவார்.

அந்த யாரோ நீங்கள்தான். உட்காருங்கள். முயலும் வாத்தும் நடுவில் அவ்வளவு பெரிய இடத்தை விட்டுக் குதித்துக்கொண்டிருக்கின்றன. இப்படியே ஒளிபரப்பலாமா, நீர்யானையைத் திரும்ப ஒட்டிவிடலாமா? கைபேசி இணைப்பைத் துண்டிக்காமலே தலைவர் உங்களிடம் கேட்கிறார். மறுமுனையில் வசனகர்த்தா வீட்டில் இருக்கிறாள், ஒலிபெருக்கியைப் போட்டுவைத்திருக்கிறாள், பக்கத்து அறைக் கதவு திறந்திருக்கிறது. நீங்கள் சொல்லப்போவது தம்பி காதில் விழும்.